சிவப்பு ஜிகினாத் தாள்

மணி ஒன்பதரை இருக்கும். கண்டமனூரைத் தாண்டி மயிலாடும்பாறை போகிற ரோடு. இரண்டு பக்கமும் புளியமரம்... மரத்துக்குப் பின்னால் வெங்காயக் காடு. அதற்கும் பின்னால் என்ன இருக்கிறது என்று பகலில் பார்த்தவனுக்குத்தான் தெரியும். தெருவிளக்கு என்ற பேச்சே கிடையாது. அந்த ரோட்டில் ஒரே ஒரு கார் வந்துகொண்டிருந்தது.

சரி, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இந்த ஷட்டர்ப் படியில் எல்லாருக்கும் இடம் இருக்கிறது. கரண்ட் வர இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். இந்த வருஷம் தினம் நடக்கிறதுதானே. மெழுகுவத்தியை நடுவில் வைக்காதீர்கள், கண்ணில் அடிக்கிறது... ஓரமாக வையுங்கள். போதும்.

இது என் கூட்டாளி வேலுச்சாமியின் சித்தப்பாவுக்கு நடந்தது. பெயர் கர்ணன். கார், ஜீப்புக்கு வயரிங் பார்க்கிற எலக்ட்ரீஷியன். தேனியில் கடை. கட்டியவள் மறுவருஷமே காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள், பிள்ளை இல்லை. அதற்கப்புறம் அவருக்கு உயிர் என்றால் தங்கச்சி பவுனுதான். கடை போர்டிலேயே அவள் பெயர்தான் இருக்கும், ‘பவுனு ஆட்டோ எலக்ட்ரிகல்ஸ்’ என்று.

பவுனை மயிலாடும்பாறையில் பாண்டியராஜனுக்குக் கட்டிக்கொடுத்திருந்தார். சொந்தக் கார், வாடகைக்கு ஓட்டுகிறவன். ஒரு காலத்தில் நன்றாகக் குடித்தவன். மகள் வேல்விழி பிறந்த வருஷம் தேவதானப்பட்டி அம்மன் கோயிலுக்குப் போய், எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்தான். இனி தொடமாட்டேன் என்று. தொடவில்லை. உள்ளங்கையில் அந்தத் தழும்பு ஒரு ரூபாய் அளவுக்கு இருக்கும். அதைப் பவுனு அடிக்கடி எடுத்துப் பார்ப்பாளாம்.

தொண்ணூற்றெட்டு, ஆவணி மாதம். சாயங்காலம் ஏழு மணிக்குப் பாண்டியராஜன் கடைக்கு வந்தான். ஹெட்லைட் எரியவில்லை. கர்ணன் ஃபியூஸைப் பார்த்தார், போயிருந்தது. புதுசு போட்டார். ஸ்விட்சைத் தட்டியதும் ‘டிக்’... அதுவும் போனது. இன்னொன்று போட்டார். ‘டிக்’.

இப்படிப் போகிறது என்றால் எங்கேயோ வயரின் தோல் உரிந்து, வண்டி பாடியில் உரசுகிறது என்று அர்த்தம். டேஷ்போர்டைக் கழற்றி, தேடிப் பிடித்து, அந்த வயரை மாற்ற வேண்டும். இரண்டு மணி நேர வேலை. கர்ணனுக்கு இது தெரியாமல் இல்லை.

ஆனால் பசி. வேறு ஏதாவது பெரிய காரணமாகச் சொல்ல வேண்டும் என்றுதான் எனக்கும் ஆசை. இல்லையே. மத்தியானம் சாப்பிடவில்லை. அவர் சாப்பிடுகிற மெஸ்ஸில் ஏழரைக்கு மேல் போனால் முட்டைக் குழம்பு தீர்ந்துவிடும். அவ்வளவுதான் காரணம்.

இதற்கு ஒர்க்‌ஷாப்புகளில் ஒரு கைவைத்தியம் உண்டு. போன ஃபியூஸின் மேல் சிகரெட் பாக்கெட்டுக்குள் இருக்கிற வெள்ளித் தாளைச் சுற்றிப் போட்டுவிடுவார்கள். விளக்கு எரியும். ஃபியூஸ் போகவே போகாது. போக வேண்டிய நேரத்திலும் போகாது... அதற்குப் பதிலாக உள்ளே வயர் வேகும். நம் பக்கத்தில் பாதி வண்டி இப்படித்தான் ஓடுகிறது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பதுதான் இதில் எல்லாரும் சொல்கிற சமாதானம்.

கர்ணன் சிகரெட் பிடிக்கமாட்டார். பக்கத்து டீக்கடையும் சாத்தியிருந்தது. தாளுக்கு என்ன செய்வது என்று சுற்றுமுற்றும் பார்த்தார். பாண்டியராஜன் சட்டைப் பையில் இரண்டு சாக்லேட் வைத்திருந்தான். சிவப்பு ஜிகினாத் தாள் சுற்றியது. தேனிக்கு வந்தால் மகளுக்கு இரண்டு வாங்காமல் போகமாட்டான். அதில் ஒன்றைப் பிரித்தான்.

"இந்தாங்க மச்சான், இதை நீங்க தின்னுங்க. தாளு ஆகுமான்னு பாருங்க."

கர்ணன் சாக்லேட்டை வாயில் போட்டுக்கொண்டார். தாளின் வெள்ளிப் பக்கம் உள்ளே இருக்கும்படி ஃபியூஸில் சுற்றினார். சிவப்பு வெளியே தெரிந்தது. ஸ்விட்சைத் தட்டினார். இரண்டு விளக்கும் பளிச்சென்று எரிந்தன.

"கண்டமனூருக்கு மூணு பேரு சவாரி மச்சான். பஸ் ஸ்டாண்டுல நிக்கிறாக. எறக்கிவிட்டுட்டு நேரா வீடுதான். தாங்கும்ல மச்சான்?"

"தாங்கும் மாப்ள. காலைல கொண்டாங்க, வயரை மாத்திப்புடுவோம்."

அவன் போனான். இவர் மெஸ்ஸுக்குப் போனார். முட்டைக் குழம்பு இருந்தது.

மயிலாடும்பாறை ரோட்டில் ஒரு வளைவு. வளைவை ஒட்டி, ரோட்டிலிருந்து நாலு எட்டில் ஒரு கிணறு. சுற்றுச்சுவர் கிடையாது, தரையோடு தரையாகத் திறந்து கிடக்கும். நம் ஊரில் இப்படி எத்தனை கிணறு! பகலில் அதைப் பார்த்துவிட்டு ‘ஒரு சுவர் வைக்கக் கூடாதா’ என்று சொல்லிக்கொண்டே எல்லாரும் கடந்து போவார்கள்.

சவாரியை இறக்கிவிட்டு, தனியாக வந்துகொண்டிருந்தான் பாண்டியராஜன். வளைவுக்கு முன்னால் எல்லா விளக்கும் ஒரே நேரத்தில் அணைந்தன. இதை யார் பார்த்தது என்று கேட்காதீர்கள். வெங்காயத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த ஒருத்தர் தூரத்திலிருந்து வெளிச்சத்தைப் பார்த்திருக்கிறார்... அப்புறம் இருட்டு... அப்புறம் ஒரு சத்தம். தண்ணீரில் பாறாங்கல் விழுந்த மாதிரி ஒரே ஒரு சத்தம்.

மறுநாள் பத்து மணிக்குக் கிரேன் வந்தது. கிணற்றைச் சுற்றி ஊரே நின்றது. தண்ணீர் ஒழுக ஒழுகக் கார் மேலே வந்தது. பாண்டியராஜன் ஸ்டியரிங்கை விடவில்லை.

பின் சீட்டுக்கு அடியில் ஒரு குவார்ட்டர் பாட்டில் கிடந்தது. பாதி காலி, மூடி இறுக்கித் திருகியபடி. சவாரி வந்தவர்கள் விட்டுவிட்டுப் போனது. அது இப்போது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அன்றைக்கு நின்றவர்களுக்கு என்ன தெரியும்? பாட்டிலைத் தூக்கிக் காட்டினார்கள். கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது.

அந்தக் கலவரத்தில் கர்ணன் காருக்குள் தலையை விட்டார். ஃபியூஸைப் பிடுங்கினார். சிவப்புத் தாள் ஓரமெல்லாம் கறுத்திருந்தது. கருகிய சர்க்கரை வாசனை அடித்தது. கையில் பொத்திக்கொண்டு, கிணற்று ஓரமாக நடந்து, யாரும் பார்க்காதபோது உள்ளே போட்டுவிட்டார்.

திரும்பினால் எதிரே ஊர்ப் பெரியவர் அய்யாத்துரை. நல்ல மனிதர், ஒன்றும் மனசில் வைத்துக் கேட்கவில்லை.

"ஏப்பா கர்ணா, நேத்து ஒன் கடைக்கு வந்துட்டுத்தான வந்துருக்கான். லைட்டு கிட்டு கோளாறா இருந்துச்சோ?"

பவுனு இரண்டடி தள்ளித் தரையில் கிடந்தாள். அழுகையை நிறுத்திவிட்டு அண்ணன் முகத்தைப் பார்த்தாள். ஒரு வார்த்தை... ‘ஆமாம்’ என்ற ஒரே ஒரு வார்த்தை. கர்ணனின் வாயில் வேறு வார்த்தை வந்தது.

"லைட்டெல்லாம் நல்லாத்தான் எரிஞ்சுச்சு. நானே பாத்துத்தான் அனுப்புனேன். மாப்ள... கடைக்கு வரும்போதே லேசா வாடை அடிச்சுச்சு."

பவுனு அதற்கப்புறம் அழவில்லை. எழுந்து போய்ப் புருஷனின் வலது கையை விரித்தாள். சூடத் தழும்பைப் பார்த்தாள். கையைக் கீழே போட்டாள்.

அறுத்துப் பார்த்த ரிப்போர்ட்டை யாரும் போய்க் கேட்கவில்லை. கூடப் பிறந்த அண்ணனே சொன்ன பிறகு ரிப்போர்ட் எதற்கு?

சட்டைப் பையில் ஒரு சாக்லேட் நனைந்துபோய் இருந்தது. அதை வேல்விழியிடம் கொடுத்தார்கள். ஏழு வயசுப் பிள்ளை. திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்பா ரெண்டுல்ல வாங்கியாருவாக, இன்னொண்ணு எங்க மாமா?" என்று நேராகக் கர்ணனிடம்தான் கேட்டது. அவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

பதினாறாம் நாள் பாண்டியராஜன் படத்துக்கு விளக்கு வைக்க வேண்டும். பவுனு வைக்கவில்லை. பெண்கள் சொல்லிப் பார்த்தார்கள். "சத்தியத்தைத் தின்னவுகளுக்கு என் வீட்டுல வெளக்கு கெடையாது" என்று சொல்லிவிட்டாள். படத்தைச் சுவர்ப் பக்கம் முகம் இருக்கும்படி திருப்பி மாட்டினாள். வருஷத் திதியும் கிடையாது, படையலும் கிடையாது. குடிகாரன் பொண்டாட்டி என்று ஊர் சொன்னது. அதையும் வாங்கிக்கொண்டாள்.

ஒன்று சொல்ல வேண்டும். கர்ணன் அதற்கப்புறம் தங்கச்சி வீட்டைத் தாங்கினார். அரிசி, துணி, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் எல்லாம் அவர்தான். கடவுள் மாதிரி அண்ணன் என்றாள் பவுனு. கும்பிட வந்தவளை என்ன சொல்லித் தடுப்பது?

மறுவருஷம் மார்கழி. தேனியில் ஜவுளிக் கடை வைத்திருக்கிற கிங்ஸ்லி காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். மயிலாடும்பாறைப் பக்கம் அவருக்கு ஒரு தென்னந்தோப்பு உண்டு. மூன்று முறை ஹெட்லைட் அணைந்துவிட்டதாம். ஏற்கெனவே இரண்டு மெக்கானிக்கிடம் காட்டிவிட்டார். டிம்மர் ஸ்விட்ச் என்றான் ஒருவன். எர்த் சரியில்லை என்றான் இன்னொருவன். இரண்டையும் மாற்றியாயிற்று.

"மூணு தடவையும் ஒரே எடம்ப்பா. அந்த மொட்டைக் கெணறு வளைவு. மொதல்ல ஒரு வாடை வருது... சர்க்கரைப் பாகு அடிப்பிடிச்ச மாதிரி. ஒடனே லைட்டு போயிருது. யாரோ பின்னால இருந்து தோளை அமுக்குன மாதிரி இருந்துச்சு, பிரேக்கை மிதிச்சேன். எறங்கி டார்ச் அடிச்சா, மூணடில கெணறு!"

கர்ணன் ஃபியூஸ் பாக்ஸ் மூடியைத் திறந்தார்.

ஹெட்லைட் ஃபியூஸில் சிவப்பு ஜிகினாத் தாள் சுற்றியிருந்தது. வெள்ளிப் பக்கம் உள்ளே. ஓரமெல்லாம் கறுப்பு. தொட்டார்... ஈரமாக இருந்தது.

"இது யாரு போட்டது?" என்று கேட்டார். கிங்ஸ்லிக்குத் தெரியவில்லை. அந்த இரண்டு மெக்கானிக்கையும் போய்க் கேட்டார். இருவரும் பிள்ளைமேல் சத்தியம் செய்தார்கள்.

அதற்கப்புறம் வரிசையாக வந்தது. ஆண்டிபட்டிக்காரர் ஜீப். வைகை அணை பார்க்க வந்து வழி தப்பிய மதுரைக்காரர்களின் வேன். சாவுக்குப் போய்த் திரும்பியவர்களின் கார். எல்லாருக்கும் அதே வளைவு, அதே வாசனை, தோளில் அதே கை. ஒரு பீடி குடிக்கிற நேரம் கழித்துத் தானாகவே விளக்கு எரியும். யாருக்கும் ஒரு கீறல் கிடையாது. செத்தவனுக்கு இருந்த ஈரம் உயிரோடு இருந்தவருக்கு இல்லை என்று வேலுச்சாமி சொல்வான். ஒவ்வொரு வண்டியிலும் கர்ணன் மூடியைத் திறப்பார். சிவப்புத் தாளை எடுத்து ஒரு டப்பாவில் போடுவார். இரண்டாயிரத்து ஆறில் டப்பாவில் பத்தொன்பது தாள் இருந்தது.

அந்த வருஷம் ஐப்பசியில் கிங்ஸ்லி மறுபடி வந்தார். இந்த முறை புத்தம்புதுக் கார். சீட்டுக்குப் போட்டிருந்த பாலித்தீன்கூடக் கழற்றவில்லை. மனுஷன் கோபத்தில் இருந்தார்.

"அந்த வண்டிய வித்துத் தொலைச்சுட்டு இதை வாங்குனேன். நேத்து இதுலயும் அணைஞ்சிருச்சுப்பா. வண்டி வாங்கி ஒம்போது நாளு!"

கர்ணன் திறந்தார். இருபதாவது தாள்.

அன்றைக்கு அவர் ஒரு வேலை செய்தார். புது ஃபியூஸ் போட்டு, மூடியை மூடி, சுற்றிலும் கறுப்பு டேப் ஒட்டினார். டேப்பின் மேல் வெள்ளை மார்க்கரால் கையெழுத்துப் போட்டார். ட்ரையல் பார்த்துவிட்டுக் காலையில் தருகிறேன் என்று கிங்ஸ்லியிடம் சாவி வாங்கிக்கொண்டார். இரவு சாப்பிடாமல், ஊர் அடங்கிய பிறகு கிளம்பினார்.

கண்டமனூர் தாண்டும் வரைக்கும் விளக்கு நன்றாக எரிந்தது. மழை விட்டிருந்தது. தவளைச் சத்தம் காதைத் துளைத்தது. புளியமரங்கள் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் வந்து வந்து போயின... வளைவு தெரிந்தது.

தவளைகள் நின்றன. எல்லாம் ஒரே நேரத்தில்.

அப்புறம் அந்த வாசனை. சர்க்கரை கருகுகிற வாசனை. எட்டு வருஷத்துக்கு முன்னால் தின்ற சாக்லேட்டின் ருசி அவர் நாக்கில் வந்தது.

விளக்கு அணைந்தது.

பிரேக்கை மிதித்தார். எஞ்சினும் நின்றது. கும்மிருட்டு. டேஷ்போர்டுக்குள் எங்கேயோ வயர் வேகிற சத்தம் மட்டும்... ‘ஸ்ஸ்ஸ்’ என்று. தோளில் கை விழும் என்று காத்துக்கொண்டிருந்தார். விழவில்லை. மற்றவர்களைத் தொட்ட கை அவரைத் தொடவில்லை. அதுதான் அவருக்கு மிகவும் உறைத்தது என்று பின்னால் சொன்னாராம்.

மெல்லத் தலையை நிமிர்த்தினார். எதிரே புளியமரத்தின் அடி இலைகள் மஞ்சளாகத் தெரிந்தன. வெளிச்சம் கீழேயிருந்து வந்தது. கிணற்றுக்குள்ளிருந்து.

இறங்கி நடந்தார். எட்டிப் பார்த்தார். தண்ணீருக்கு அடியில், ஆழத்தில், பக்கம் பக்கமாக இரண்டு ஹெட்லைட் மேலே பார்த்து எரிந்துகொண்டிருந்தன. அந்தக் காரை எட்டு வருஷத்துக்கு முன்னாலேயே மேலே தூக்கி, பழைய இரும்புக்குப் போட்டாயிற்று.

பின்னால், காது மடலுக்குப் பக்கத்தில், சாதாரணமாக ஒரு குரல் கேட்டது. கோபமே இல்லை.

"தாங்கும்ல மச்சான்?"

திரும்பி ஓடிவந்து காரில் விழுந்தார். தானாகவே விளக்கு எரிந்தது. ஃபியூஸ் பாக்ஸைப் பார்த்தார். டேப் பிரியவில்லை. அவர் கையெழுத்து அப்படியே இருந்தது. டேப்பைக் கிழித்து மூடியைத் திறந்தார். உள்ளே சிவப்புத் தாள், தண்ணீர் சொட்டச் சொட்ட.

நேராகத் தங்கச்சி வீட்டுக்குப் போனார். சொல்லிவிடுவது என்றுதான் போனார். இரவு இரண்டரை மணி. கதவைத் தட்டினார். பவுனு சிம்னி விளக்கோடு வந்தாள்.

"என்னண்ணே இந்நேரத்துக்கு? ஒடம்புக்கு என்ன?"

உள்ளே சுவரில் அந்தப் படம் முதுகைக் காட்டிக்கொண்டு தொங்கியது. முதுகு அட்டையில் எட்டு வருஷத்து ஒட்டடை.

"பவுனு... மாப்ளயப் பத்தி ஒண்ணு சொல்லணும்."

"அந்தப் பேச்சை எடுக்காதண்ணே. ஊரு நூறு சொல்லும், நான் நம்பியிருக்க மாட்டேன். நீ சொன்னதுனாலதான் நம்புனேன். பொய் சொல்லாத வாயின்னு எனக்குத் தெரிஞ்சு ஒன் வாயி ஒண்ணுதான்."

கர்ணன் ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

"வேல்விழிக்குப் பரீட்சை எப்ப?" என்று கேட்டார்.

அவ்வளவுதான் நடந்தது. பேயைப் பார்த்துவிட்டு வந்த மனுஷன், தங்கச்சி முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டார்.

அதற்கப்புறம் கர்ணனுக்குக் கடையில் கை ஓடவில்லை. சர்க்கரை வியாதி வேறு. இந்த வருஷம் மார்கழி கடைசியில் படுத்தார். சாவதற்கு இரண்டு நாள் முன்னால் வேலுச்சாமியைக் கூப்பிட்டு, தகர டப்பாவைத் திறந்து காட்டி, எல்லாவற்றையும் சொன்னார். "ஒன் அத்தைகிட்ட நீயாவது சொல்லிருடா" என்றார். வேலுச்சாமி தலையை ஆட்டினான். சாகிறவருக்கு எல்லாரும் தலையை ஆட்டுவார்கள். செத்தவர் கெட்ட பேர் எதற்கு எடுக்க வேண்டும், அத்தைக்கு இருக்கிற ஒரே நிம்மதியை எதற்குக் கெடுக்க வேண்டும் என்று பேசாமல் இருந்துவிட்டான்.

தை மாதம் தேனியில் கர்ணனுக்குக் கருமாதி. முடிந்து, சொந்தக்காரர்களை ஏற்றிக்கொண்டு இரவில் ஒரு வேன் மயிலாடும்பாறைக்குப் போனது. வேலுச்சாமி முன்னால், டிரைவர் பக்கத்தில். பவுனு கடைசி சீட்டில் முக்காடு போட்டுச் சாய்ந்திருந்தாள். பதினாறு நாள் அண்ணனுக்காக அழுத அசதி, தூங்கிவிட்டாள் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

வளைவில் வேன் விளக்கு அணைந்தது.

டிரைவர் வண்டியை நிறுத்தி, சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். "என்னண்ணே இது, இங்கன வந்தா மட்டும் எல்லாருக்கும் அணையுதாமே?" என்று கேட்டான். வேலுச்சாமிக்குக் கருமாதி வீட்டுச் சரக்கு உள்ளே இருந்தது. இருட்டு வேறு. சும்மா இருக்கக் கூடாதா? டிரைவர் காதில் மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தான். இடையில் நிறுத்த முடியவில்லை. ஃபியூஸ், சாக்லேட், சிவப்புத் தாள், கிணற்றடியில் சொன்ன பொய்... அத்தனையும் சொல்லி முடித்தான்.

கடைசி சீட்டிலிருந்து ஒரு குரல் வந்தது.

"எப்பவும் ரெண்டுதான் வாங்கியாருவாக."

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"அன்னைக்கு ஒண்ணுதான் இருந்துச்சு. இன்னொண்ணு எங்கன போச்சுன்னு பத்து வருசமா யோசிக்கேன்."

வேன் விளக்கு எரிந்தது. சாவி டிரைவரின் கையில் இருந்தது. புளியமரம், ரோடு, கிணறு எல்லாம் பளிச்சென்று தெரிந்தன.

"லைட்டுதான் வந்துருச்சுல்ல. வண்டிய எடுங்கப்பா" என்றாள் பவுனு.

மறுநாள் காலையில் வேலுச்சாமி பயந்துகொண்டே அவள் வீட்டுக்குப் போனான். பாண்டியராஜன் படம் நேராகத் தொங்கியது. துடைத்து, பொட்டு வைத்து, முன்னால் நல்லெண்ணெய் விளக்கு எரிந்தது. விளக்குக்குப் பக்கத்தில் இரண்டு சாக்லேட். பவுனு அதன் முன்னால் உட்கார்ந்து, பத்து வருஷம் அழாததை எல்லாம் அழுதுகொண்டிருந்தாள். "நான் கைய விரிச்சுப் பாத்தேனே... கைய விரிச்சுப் பாத்துட்டு நம்பலையே..." என்று அதையே சொல்லிச் சொல்லி அழுதாள்.

அந்தப் படத்துக்குப் பக்கத்தில் இன்னொரு படம். முந்தின நாள் கருமாதிக்குக் கிளம்பும் முன்னால் மாலை போட்டு மாட்டிய கர்ணன் படம். அது சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

அன்றிலிருந்து அந்த வளைவில் ஒரு வண்டிக்கும் விளக்கு அணையவில்லை. கிங்ஸ்லி வாரம் இரண்டு முறை போய் வருகிறார். கர்ணனுக்கு விளக்கு வைக்க வேறு ஆள் கிடையாது. வேலுச்சாமி வீட்டில் வைக்கலாம் என்றால் அவன் பெண்டாட்டி பயப்படுகிறாள். வருகிற வருஷத் திதிக்கு என்ன செய்வது என்று பவுனிடம் ஒருத்தர் கேட்டிருக்கிறார். "யாருக்கு?" என்று கேட்டாளாம்.

நீங்கள் எல்லாம் தேனிக்கு வேலைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதனால் தெரிந்திருக்காது. இப்போது ஊருக்குள்ளேயே ஒரு புகார். ஒரே ஓர் இடத்தில் வண்டிகளுக்கு ஹெட்லைட் அணைகிறது. மூடியைத் திறக்கப் போனால் சுற்றிலும் கறுப்பு டேப் ஒட்டியிருக்கிறதாம். டேப்பின் மேல் வெள்ளையில் ஒரு கையெழுத்து. வண்டிக்காரர் யாரும் ஒட்டியதில்லை. இங்கே கருகின சர்க்கரை வாசனை இல்லை... வேறு ஒரு வாசனை என்கிறார்கள்.

அந்த மெழுகுவத்தியைக் கொஞ்சம் மேலே தூக்குங்கள். இன்னும் மேலே. நமக்கு மேலே ஒரு போர்டு இருக்கிறதே, பெயிண்ட் உதிர்ந்துபோய்... முதல் எழுத்து ‘ப’ தெரிகிறதா?

எழுந்திருக்காதீர்கள். உட்காருங்கள். ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். உங்களில் யாராவது இரவுச் சாப்பாட்டுக்கு முட்டைக் குழம்பு கட்டிக்கொண்டு வந்தீர்களா?

யாருமே இல்லையா...

பஸ் ஸ்டாண்டுப் பக்கத்திலிருந்து ஒரு கார் வருகிறது, பாருங்கள். இரண்டு விளக்கும் நன்றாகத்தான் எரிகின்றன.

எரிந்தன.